அப்பா இருக்கையின் உறை

மார்ச் 3

அன்புள்ள மகனுக்கு,

நலம். நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

உன் சாலைப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் அப்பாவின் விபத்தை ஆராய்ந்து முடித்துவிட்டதாகக் கேள்வி. அறிக்கையை முத்திரையுடன் அனுப்பு. கண்ணாடி போட்டு அவர் படத்துக்குக் கீழே மாட்டப்போகிறேன். அவரைக் கொன்றது யார் என்று வருகிறவர்கள் எல்லோரும் படிக்கட்டும். காரை ஓட்டியவள் உன் மனைவி. அவர் போய்ச் சேர்ந்தார். அவளுக்கு ஒரு நகம் பெயரவில்லை.

உங்கள் காருக்கு நான் தைத்துக் கொடுத்த இரண்டு உறைகளில், தன் இருக்கை உறையை அன்றைக்கே கழற்றி எறிந்தவள் அவள். அப்பா இருக்கையில் என் உறை கடைசிவரை ஒரு சுருக்கமில்லாமல் இருந்தது. கான்வென்ட்டில் தையல் சிஸ்டர் சொல்வார், "உன் தையலைப் பிரிக்க உன்னாலேயே முடியாது" என்று. உன் மனைவி தைத்த பொத்தான் மதியம்வரை தாங்காது.

அறிக்கை வரும்வரை அவள் என் வாசற்படி மிதிக்க வேண்டாம். வந்த பிறகும்தான்.

அம்மா

மார்ச் 11

அன்புள்ள அம்மாவுக்கு,

நம் குடும்பத்து விபத்து என்பதால் அந்தக் கோப்பை என்னைத் தொடவிடவில்லை. மேலாளர்தான் ஆராய்ந்தார். நேற்றுப் படித்தேன். உங்களுக்கு அனுப்ப வேண்டாம் என்று தோன்றுகிறது. அவளும் அதையேதான் சொல்கிறாள். கேட்காதீர்கள் அம்மா.

உங்கள் மகன்

மார்ச் 16

மகனுக்கு,

அவளும் சொல்கிறாளா? குற்றவாளியைக் கேட்டா தீர்ப்பு எழுதுவார்கள்? உன்னை நன்றாக முந்தானையில் முடிந்துவைத்திருக்கிறாள். கண்ணாடி போடுகிறவரிடம் அளவு சொல்லியாயிற்று. இனியும் தாமதித்தால் உன் இயக்குநருக்கே எழுதுவேன்.

அம்மா

மார்ச் 24

அம்மாவுக்கு,

அறிக்கை இத்துடன். ஒன்பதாம் பக்கத்தைப் படியுங்கள்.

லாரி குறுக்கே வந்தது. ஒரு நொடிக்குள் அவள் பிரேக்கை மிதித்திருக்கிறாள். மோதும்போது வேகம் முப்பத்தெட்டு கிலோமீட்டர். சீட் பெல்ட் போட்டவர் நெஞ்சில் ஒரு கன்றலோடு இறங்கி நடக்கக்கூடிய வேகம். பெல்ட் உடம்பைத் தாங்கினால் பட்டையில் உரசல் தடம் விழும். அவளுடையதில் இருக்கிறது. அப்பாவுடையதில் இல்லை. பெல்ட்டை மாட்டும் கொக்கி உங்கள் உறைக்கு அடியில் இருந்தது. துருத்திக்கொண்டு அசிங்கமாக இருக்கிறதென்று அதன்மேல் துணியை இழுத்துத் தைத்தீர்களே, நினைவிருக்கிறதா? "ஒரு தையலும் பிரியவில்லை" என்று எழுதியிருக்கிறார்கள்.

கிளம்பும்போது அவள் கேட்டிருக்கிறாள், "மாமா, இந்த உறையைக் கிழிச்சிடட்டுமா?" என்று. அப்பா சிரித்தாராம். "ஐயோ, வேண்டாம்மா. உங்க அத்தை ஒவ்வொரு தையலையும் எண்ணி வச்சிருப்பா. அப்புறம் என் காதுதான் கிழியும்."

பதினான்கு மாதம் நீங்கள் திட்டத் திட்ட அவள் இதைச் சொல்லவில்லை. அறிக்கை வரும்வரை என்னிடம்கூட.

மகன்

ஏப்ரல் 2

மகனுக்கு,

அறிக்கை கிடைத்தது. கண்ணாடி போடுகிறவர் வந்தார். திருப்பி அனுப்பிவிட்டேன்.

உன் மனைவி இனியும் வர வேண்டாம். கொன்றவள் என்று நினைத்திருந்தவரைக்கும் அவளை வெறுக்க எனக்கு எளிதாக இருந்தது. எல்லாம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு என்மேல் இரக்கப்பட்டாளே, அதை மன்னிக்க எனக்கு வராது. அவளோடு இருக்கும்வரை நீயும் வராதே.

உறை உங்கள் நிறுவனக் கிடங்கில்தான் இருக்கும். அது என் பொருள், அனுப்பிவை. துவைக்க வேண்டாம். தையலில் யாரும் கை வைக்கவும் வேண்டாம். அதைப் பிரிக்க வேண்டியவள் நான்.

அம்மா