கேள்விகள் என்னுடையவை

மே 3

விடியும் முன்னே மழை. துணி காயவில்லை. சோப்பு தீர்ந்தது, இனிச் சாம்பல்தான். அரிசி வரிசைக்கு அப்பா. கொண்டுவந்ததில் பாதி நொய்.

இனி ஜப்பான்காரன் கணக்குப்படி வருடத்தை 2603 என்று போட வேண்டுமாம். எனக்கு இது 1943தான்.

அப்பாவின் பழைய ரயில்வே சிநேகிதர் வந்தார். தேயிலை இல்லை. இஞ்சி போட்ட வெந்நீர். அப்பா வழக்கம்போல மச்சாளை, அண்ணாவின் மனைவியை, கூப்பிட்டு நிறுத்தினார்.

"இவதான் என்ர மருமகள் யோகம். மெட்ராஸில எக்கனாமிக்ஸ் பி.ஏ. முதல் வகுப்பு."

"ஓகோ. இந்தப் பிள்ளை?"

"இவ என்ர மகள். சிங்கப்பூரில கொஞ்சம் படிச்சவ."

கொஞ்சம்! இரண்டரை வருடம். பொருளாதாரம், சரித்திரம், புவியியல். குண்டு விழுந்திராவிட்டால் முடித்திருப்பேன். அங்கே தருவதும் டிப்ளோமாதான், பட்டம் இல்லை என்று மச்சாள் ஒருமுறை சொன்னாள். குத்தலாக இல்லை, தகவலாக. அது இன்னும் மோசம்.

மச்சாள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்தால் எனக்கு வேலை சுலபம். பட்டமளிப்பில் கறுப்பு அங்கி போட்ட அவள் படம் ஹாலில் சரஸ்வதிக்குப் பக்கத்தில் தொங்கியது. ஜப்பான்காரன் வந்ததும், இங்கிலீஷ் படிப்பைக் காட்டினால் ஆபத்து என்று, இறக்கிப் பெட்டிக்குள் வைத்தோம். படம் இறங்கியது, பி.ஏ. இறங்கவில்லை.

மே 5

வெயில். ஊருக்கு வெளியே கெலுகோர் பக்கம் நாங்கள் நட்ட மரவள்ளிக்குக் களை எடுத்தேன். கை கொப்புளம். அண்ணா இந்த மாதமும் நிபோங் திபாலிலிருந்து வர முடியாதாம். எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணிக்கு லீவு இல்லை.

மாலையில் மச்சாளின் வகுப்பு. சந்துப் பெண்கள் மூன்று பேர் சமையலறைத் தரையில். புத்தகம் கிடையாது, அவள் வாயால் சொல்வதுதான் பாடம். நான் மரவள்ளி உரித்துக்கொண்டே பாடம் கேட்டேன்.

"பட்டம் படிச்சு முடிச்சா என்ன செய்வியள்?" என்று கேட்டாள்.

ஒருத்தி: "நல்ல மாப்பிள்ளை வரும் டீச்சர்."

ராணி, தோசைக்காரர் மகள், வாய்த்துடுக்கு: "எங்கப்பா பேசறப்ப குறுக்க பேசலாம்லா."

எல்லோரும் சிரித்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மாப்பிள்ளையும் வேண்டாம், அங்கியும் வேண்டாம். ஒரே ஒரு விஷயம், நானாகக் கேட்டு நானாகக் கண்டுபிடித்தது என்று இருக்க வேண்டும். மச்சாளின் நோட்ஸில் இல்லாத ஒன்று.

மே 6

தூக்கம் இல்லை. முடிவு செய்துவிட்டேன்.

மூன்றாம் வருடக் கட்டுரை. ஒரு தெருவை எடுத்துக்கொள், வீடு வீடாகப் போ, எப்படிப் பிழைக்கிறார்கள் என்று கேட்டு எழுது என்றார் பேராசிரியர். அதற்குள் போர். தெருவுக்கு ஏன் சிங்கப்பூர் போக வேண்டும்? இதோ நம் சந்து.

கேள்விகள் நானே யோசித்தவை:

வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள்?
அரிசி போதாதபோது எங்கிருந்து வருகிறது?
முன்பு என்ன வேலை, இப்போது என்ன?
எதை விற்றீர்கள்?
வீட்டை விட்டுப் போனவர் யார், எங்கே?

இன்னும் உண்டு. கடைசிக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. குடும்பம் எப்படிச் சிதறுகிறது என்பதை அது ஒன்றே காட்டிவிடும். மச்சாளிடம் மூச்சு விடவில்லை. அவளுக்குச் சீமையின் லங்காஷயர் ஆலைக்கூலி தெரியும், எதிர்வீட்டு அடுப்பு தெரியாது.

மே 8

புழுக்கம். மூன்று வீடு ஆயிற்று. பழைய ரயில்வே படிவங்களின் பின்பக்கத்தில் குறித்தேன்.

மாட்டுவண்டி முருகையா வீடு. அவர் மனைவி பாப்பாத்தியக்கா பாய் விரித்தார். நான் பென்சிலை எடுத்ததும் முகம் மாறியது.

"எல்லாம் போதும்லா. குறை ஒண்ணும் இல்லம்மா. ஜப்பான்காரங்க நல்லா வச்சிருக்காங்க."

"வீட்டை விட்டுப் போனவங்க யாராவது?"

"போறதுக்கு யார் இருக்கா? எங்களுக்குப் புள்ளையே இல்லம்மா."

அவருடைய மூத்த மகன் காவடி எடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். ஏன் பொய்? 'பதில் சொன்னவர் தயங்கினார்' என்று குறித்துக்கொண்டேன்.

சீனத் தையல்காரர் வீட்டில் கேட்டதற்கெல்லாம் தலையாட்டல். மூன்றாம் வீட்டில் கதவே பாதிதான் திறந்தது. படிப்பில்லாத ஜனங்கள், கூச்சம் இருக்கத்தான் செய்யும்.

மே 10

மதியம் பாப்பாத்தியக்கா எனக்கென்று நாலு முட்டை கொண்டுவந்தார். முட்டை! சாயங்காலம் தையல்காரர் ஒரு புட்டி தேங்காய் எண்ணெய். அதுவும் எனக்கென்றே. அப்பா புட்டியைத் திறந்து முகர்ந்து முகர்ந்து பார்த்தார்.

மச்சாளுக்கு இதுவரை யாரும் ஒரு வாழைப்பழம் கொடுத்ததில்லை. ஒரு முட்டையைப் பொரித்து முதலில் அவளுக்குத்தான் வைத்தேன். சாப்பிடட்டும். யாரால் வந்தது என்று தெரிந்து சாப்பிடட்டும்.

"ஏன் தாறாங்கள்?" என்று கேட்டாள். பொறாமை. நன்றாக இருந்தது.

மே 12

மழை. வகுப்புக்கு ஒருத்தியும் வரவில்லை. காலையில் பசாரில் நான் போய் நின்றதும் பேச்சு நின்றது.

குழாயடியில் ராணி. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அக்கா, நீங்க ஜப்பான்காரனுக்கு ஆள் காட்டிக் கொடுக்கிறீங்கன்னு சொல்றாங்க. நெசமா?"

"என்னடி சொல்றே?"

"அரிசி எங்கேருந்து, யாரு ஓடிப் போனான்னு வீடு வீடா எழுதறீங்களே. முருகையா மாமா மகனை, ஜப்பான்காரன் போடற சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடிச்சிட்டுப் போக வந்தாங்க. அவன் ஓடிட்டான். அதைத்தானே அக்கா கேட்டீங்க?"

குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். ஆள்காட்டி. நான்!

மிச்சம் இருந்த முட்டையை எடுத்துக்கொண்டு பாப்பாத்தியக்கா வீட்டுக்கு ஓடினேன். வாங்கவில்லை. காலில் விழப் பார்த்தார்.

"பத்தலியாம்மா? கோழி வேணும்னா கோழியையே தர்றேம்மா. எழுதினதை மட்டும் கொடுத்துடாதம்மா."

இரவு நான் சாப்பிடவில்லை. மரியாதை என்று நினைத்தேனே. மடச்சி.

மே 13

ஜப்பான்காரன் நியமித்த தெருத் தலைவர் மரைக்காயர் வந்தார். அப்பா எழுந்து நின்றார். அப்பா அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"நான் ரிப்போர்ட் பண்ணணும், பண்ணலேன்னா என் தலை. போலீசுக்குப் போச்சுன்னா எழுதினதைக் கேப்பான். ஜப்பான்காரனோட சண்டை போட மலையில ஒளிஞ்சிருக்கிற பசங்க காதுக்குப் போச்சுன்னா, அது வேற பொல்லாப்பு. யார் சொல்லி இந்தப் பொண்ணு கேட்டுச்சு?"

நான் வாய் திறக்கும் முன் மச்சாள் சொன்னாள்: "நான்தான். என்ர வகுப்புக்கு."

மரைக்காயர் மூச்சு விட்டார். "டீச்சர், நீங்க பி.ஏ. படிச்சவங்க. அப்ப சரிலா. படிப்புக்குன்னா ரிப்போர்ட் எதுக்கு? நாளைக்கு அரிசி போடறப்ப ஜனங்க முன்னால ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

நான் கேட்டால் ஆள்காட்டி. அவள் கேட்டால் படிப்பு.

அவர் போனதும் மச்சாள் தாள்களைக் கேட்டாள். ஒவ்வொன்றாகப் படித்துப் படித்து அடுப்பில் வைத்தாள். நான் தடுக்கவில்லை. தடுக்க என்ன வாய் இருக்கிறது? பாதியில் நிறுத்தினாள்.

"இந்தக் கேள்வியள் எங்க படிச்சனீர்?"

"நானே யோசிச்சது."

"எங்களுக்கு ஒருத்தரும் கேக்கச் சொல்லித் தரேல்ல. நோட்ஸைப் பாடமாக்கி எழுதினம். முதல் வகுப்பு தந்தவங்கள்." மிச்சத் தாள்களையும் அடுப்பில் வைத்தாள். "எனக்கு இது வராது."

இதற்காகத்தானே இத்தனை நாள். சந்தோஷம் வந்தது, வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்பா அடுத்த அறையில்தான் இருந்தார். ஏன் அவ்வளவு மெதுவாகச் சொன்னாள்?

என்னைக் காப்பாற்றியவளைப் பற்றி இப்படி எழுதுகிறேன். எழுதத்தான் செய்வேன்.

மே 14

வெயில். அரிசி வரவில்லை, மரவள்ளி மாவு போட்டார்கள். குழாயடியில் சந்து முழுவதும். மச்சாள் பேசினாள். அழகாகத்தான் பேசினாள். எழுதியது எல்லாம் எரிந்துவிட்டது என்றாள், தன் பெயரையும் பட்டத்தையும் சொன்னாள், தவறு தன்னுடையது என்று கும்பிட்டாள். அப்பா நிமிர்ந்து நின்றார். தையல்காரர் தலையாட்டினார், இந்தமுறை நிஜமாக.

பாப்பாத்தியக்காவுக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. நேரே என்னிடம் வந்தார்.

"டீச்சர் சொல்றது நெசமா? கேள்வியெல்லாம் அவங்க சொல்லிக் கொடுத்ததுதானா? நீயா கேக்கலியே?"

ராணி பார்த்தாள். அப்பா பார்த்தார். மச்சாள் மட்டும் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாக்கா. எல்லாம் மச்சாளோடதுதான். எனக்கு ஒண்ணும் தெரியாது."

பாப்பாத்தியக்கா என் கன்னத்தைத் தடவினார். கண் கலங்கியிருந்தது.

"ஒண்ணும் தெரியாத புள்ள, பாவம்" என்றார்.