பவித்ராவின் விரதங்கள்

வெள்ளிக்கிழமை, பௌர்ணமிக்கு மறுநாள்.

இன்று சர்க்கரை கிளினிக்குக்கு பவித்ரா வந்தாள். பதினேழு வயது, ஆறு வருடமாக இன்சுலின் ஊசி. சாப்பாட்டுப் பழக்கம் பற்றிய கேள்வித்தாளை நர்ஸுகளான நாங்கள் நோயாளியைத் தனியாக வைத்துத்தான் கேட்க வேண்டும். கூட்டம் அதிகம் என்று அவள் அம்மா எதிரிலேயே கேட்டேன்.

"சாப்பிடாம இருக்கியாம்மா?"

பதில் அம்மாவிடமிருந்து வந்தது. "திங்கள், பிரதோஷம், பௌர்ணமி எல்லாம் விரதம் சிஸ்டர். நேத்து பச்சைத் தண்ணி பல்லுல படாம மலை சுத்திட்டு வந்தா."

பெருமையாகச் சொன்னார். நானும் 'விரதம்' என்று எழுதிக்கொண்டேன். எடை ஐந்து கிலோ குறைந்திருந்தது. "இளைச்சு அழகாயிட்ட" என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

அம்மா மருந்து வாங்கப் போனதும் பவித்ரா குனிந்தபடி கேட்டாள். "ஊசி போடலன்னாதான் சிஸ்டர் இளைக்குது. இன்னும் எத்தினி நாள் போடாம இருக்கலாம்?"

அப்படியே டாக்டரிடம் கூட்டிப்போனேன். இன்சுலின் இல்லாமல் ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கிறது, உயிருக்கே ஆபத்து என்று பார்த்த உடனே வார்டில் சேர்த்துவிட்டார். டிரிப்ஸ் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊசி போட்டா மறுபடி குண்டாயிடுவேன்ல?"

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அழகாயிட்ட என்று சொன்ன அதே வாய்.