ஆம்பூரில் உன் மூன்றாம் நாள்

பிரியமுள்ள மிஸ்ஸியம்மா,

கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க இன்று காலை முற்றத்தில் சுண்ணாம்பு நீற்றினார்கள். தண்ணீர் விழுந்ததும் பானை சீறிக் கொதித்தது. அந்த வாடை மூக்கில் ஏறியதுமே உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ கர்த்தரிடம் போய்விட்டாய் என்று உன் தங்கை எழுதிய கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. இருந்தவரை உன்னை ‘நீங்கள்’ என்றே அழைத்தேன். ‘நீ’ என்று கூப்பிடச் சொல்லி நீ எத்தனை முறை கெஞ்சியும் வாய் வரவில்லை. இன்றைக்கு வருகிறது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஆம்பூர் ஸ்டேஷனில் நீ இறங்கியபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இருபது வயது, வெயிலில் சிவந்த மூக்கு, முழங்கால்வரை பொத்தான் வைத்த பூட்ஸ். ஆறு மாதம் ஊழியத்துக்கு உதவ வந்திருக்கிறாளாம். ஆறு நாள் தாங்கினாலே பெரிது என்று நினைத்தேன். நீ பேசுவதை மொழிபெயர்ப்பது என் வேலை. முதல் இரண்டு நாளும், வெளி ஆண்கள் கண்ணில் படாத கோஷாப் பெண்கள் இருக்கும் வீடுகளுக்குப் போனோம். ஒவ்வொரு வாசலிலும் நீ உட்கார்ந்து பூட்ஸைப் பொத்தான் பொத்தானாகக் கழற்ற, பிள்ளைகள் கூடி நின்று எண்ணினார்கள். உள்ளே வேதத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசித்த நேரத்தைவிட வாசலில் இருந்த நேரம்தான் ஜாஸ்தி.

மூன்றாம் நாள் பாலாற்றங்கரைத் தோல் கொட்டகைக்கு உன்னை அழைத்துப் போனேன். அங்கே வேலை செய்யும் சேரிப் பெண்களுக்கு மதியச் சாப்பாட்டு வேளையில் வேதம் வாசிப்பேன். அவர்கள் மரத்தடியில் உட்காருவார்கள்; நான் நாலடி தள்ளி நிற்பேன். எங்கள் குடும்பம் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்து மூன்று தலைமுறை ஆகியிருந்தது. ஆனாலும் அந்த நாலடி எங்களைவிட்டுப் போகவில்லை. அவர்களும் அதைத் தாண்டியதில்லை. அதைப் பற்றி யாரும் பேசியதுமில்லை.

நாம் போய்ச் சேர்ந்த நேரம் அவர்களில் ஒருத்தியான கன்னியம்மா, தோல் ஊறும் தொட்டியில் சுண்ணாம்பைக் கொட்டிக்கொண்டிருந்தாள். அது சீறி அவள் முகத்தில் தெறித்தது.

“ஐயோ, கண்ணு போச்சே!” என்று சுருண்டு விழுந்தாள்.

“வெளக்கெண்ணெ ஊத்துங்கடி!” என்றாள் ஒருத்தி.

“தண்ணி! தண்ணி!” என்று கத்தினாய் நீ. உனக்குத் தெரிந்த பத்துத் தமிழ் வார்த்தைகளில் அது ஒன்று. கொட்டகைத் தண்ணீரில் சுண்ணாம்பும் தோல் பதனிடும் பட்டைச் சாறும் கலந்திருக்கும். நல்ல தண்ணீர், பக்கத்திலிருந்த முதலாளி வீட்டுக் கிணற்றில்தான். அதுவோ கோஷா வீடு. ஆண்கள் நுழையக் கூடாது. கொட்டகைப் பெண்கள் நுழையத் துணிய மாட்டார்கள். இதை நான் இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள் நீ கன்னியம்மாவைத் தூக்கி நிறுத்தி, தோளோடு அணைத்துக்கொண்டு, அந்தப் பின்கதவைத் தள்ளிவிட்டாய். பூட்ஸோடு.

உள்ளே வீட்டுக்கார பீபி அப்போதுதான் தொழுகை முடித்திருந்தார். விரித்த பாயின் ஓரத்தை மிதித்துக்கொண்டே நீ போனாய்.

“அரே, இன்னாம்மா இது, ஜூதியோட?” என்று அவர் பதறி எழுந்தார்.

இனி இந்த ஊரில் ஒரு கதவும் நமக்குத் திறக்காது என்றே நினைத்தேன். அதற்குள் அவர் கன்னியம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டார்.

“யா அல்லா! ஜல்தி வாங்க, இப்படிப் படுக்க வைங்க” என்றவர், தானே போய்க் கிணற்றுக் கயிற்றைப் பிடித்து இழுக்கத் தொடங்கினார்.

நீ ஈரத் தரையில் உட்கார்ந்து, கன்னியம்மாவின் தலையை மடியில் வைத்து, இமையைப் பிரித்து, சொம்பு சொம்பாக ஊற்றினாய். அவள் துடித்தாள். “போதும்மா, தாங்க மாட்டா” என்றார் பீபி. நீ நிறுத்தவில்லை. உன் அப்பா ஒரு கொத்தனார், சுண்ணாம்போடு வளர்ந்தவள் நீ என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உனக்கு எங்கள் பேச்சும் தெரியாது, எங்கள் வழக்கமும் தெரியாது. கூடப் பிறந்தவளுக்குச் செய்வதுபோலச் செய்துகொண்டிருந்தாய். ஒருத்தி தண்ணீர் இறைக்க, ஒருத்தி ஊற்ற, நான் பிரமித்துப்போய் நின்றேன். இத்தனை வருஷம் வாசித்ததையெல்லாம் அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

ஒரு மணி நேரம் போனபின் உன் கை மரத்துவிட்டது. என்னைப் பார்த்து, பக்கத்துத் தரையைத் தட்டினாய். உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை கேட்காமல் அவள் தலையை எடுத்து என் மடியில் வைத்து, சொம்பையும் கையில் கொடுத்தாய். நீ என்னிடம் எதைக் கேட்டாய் என்பதே உனக்குத் தெரியாது. நான் ஊற்றினேன்.

கண் பிழைத்துக்கொண்டது. வெயில் சாய்வதற்குள் கன்னியம்மா இமையை மெல்லத் திறந்தாள். எதிரே என் முகம். உடனே திமிறிக்கொண்டு எழப் பார்த்தாள்.

“அம்மா, நீங்களா? உங்க மேல பட்டுட்டனே, மன்னிச்சுக்குங்கம்மா.”

தோளைப் பிடித்து அழுத்தி, “படு” என்றேன்.

ஆறு மாதத்துக்கென்று வந்தவள் பதினாறு வருஷம் இருந்தாய். உன்னைப் பற்றிப் பேச இந்த ஊரில் எல்லாரிடமும் ஏதாவது ஒன்று இருக்கிறது. என்னிடம் இருப்பது கன்னியம்மா கேட்ட அந்த மன்னிப்புதான். போகவிருந்த கண் திரும்பக் கிடைத்த நேரத்திலும் அவளுக்கு முதலில் வந்தது அந்தப் பயம். வாரம் தவறாமல் அன்பைப் பற்றி வாசித்துக்காட்டிய நான்தான் அதை அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தேன்.