முக்குக்கு முன்னாலே

அன்புள்ள அப்பாவுக்கு,

செல்வி எழுதுகிறேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் தோள்வலியும் அம்மாவின் இருமலும் தேவலையா?

பந்தயக் கார் ஓட்டப் பழக இடம் தேடுவதாகச் சொன்னேன் அல்லவா? இரண்டு இடத்தில் சொந்தக் கார் இருக்கிறதா என்று கேட்டார்கள். சென்னைக்கு வெளியே ஓரிடத்தில் ஞாயிறு காலையில் காரையும் அவர்களே தருகிறார்கள். அந்தக் காரில் உட்கார ஒரே ஒரு சீட்டுதான். போன வாரம் ஓட்டிவிட்டேன்.

முதல் சுற்றில் வளைவுக்குள் போன பிறகு பிரேக் போட்டேன். கார் தட்டாமாலை சுற்றிப் புல்லில் போய் நின்றது. எனக்கு ஒரு கீறலும் இல்லை, அம்மாவிடம் சொல்ல வேண்டாம். ஆண்டாள் தேர் தெரு முக்கில் திரும்ப, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடும்போது நீங்கள் ஆட்களிடம் கத்துவது அப்போதுதான் ஞாபகம் வந்தது. "முக்குக்கு வந்த பொறவு கட்டை போட்டு என்னலே செய்ய? முன்னாலேயே போடுங்கலே."

அடுத்த ஒன்பது சுற்றும் வளைவுக்கு முன்னாலேயே பிரேக் போட்டேன். எங்கே கற்றாய் என்று பயிற்சியாளர் கேட்டார். தேரில் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

சீட்டு எனக்குப் பெரிதாக இருக்கிறது. முதுகுக்கு வைத்துக்கொள்ள, தேரன்று நீங்கள் தலையில் கட்டும் துண்டை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் அப்பா. காரில் உங்களுக்கு இடம் கிடையாது. முக்கில் நின்று கத்தத்தான் ஆள் இல்லை.

உங்கள் மகள்,
பாண்டிசெல்வி