நான்கு வயரும் ஒரே சத்தமும்

அன்புள்ள வீட்டு முதலாளியம்மாவுக்கு,

முட்டிவலி தேவலையா? நான் நலம், நீ பார்க்காத தைரியத்தில் தொப்பையும் நலம்.

நேற்று பட்டறைக்கு ஒரு கிழட்டுக் கார் திக்கித் திக்கி வந்தது. என்ஜினை ஓடவிட்டு, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவோம். எதைக் கழற்றும்போது சத்தம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டர்தான் செத்தது. நான்கையும் கழற்றிப் பார்த்து, "நாலும் போச்சு" என்று தீர்ப்புச் சொன்னேன்.

"நாலும் போனா வண்டி எப்படிண்ணே ஓடும்? மூணாவதுதான் போச்சு, எனக்கே கேக்குது. காதுல என்ன, பஞ்சா?" என்றான் எங்கள் பட்டறைப் பெயின்டர். எல்லோரோடும் நானும் சிரித்துவைத்தேன். பட்டறை முதலாளிக்குத் தெரிந்தால் கணக்கை முடித்து ஊருக்கு பஸ் ஏற்றிவிடுவார்.

போனில் நீ சொன்னதற்கெல்லாம் "சரி, சரி" என்றது பயத்தால் அல்ல. இனி எழுதி அனுப்பு. கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். போன வாரம் போனில் நீ அழுதாயா, சிரித்தாயா? அதை முதலில் எழுது.

உன் வீட்டுக்காரன்