ஹெல்மெட் இடிபடவில்லை

டோர்செட் பார்க், ஸ்காபரோ
19.08.1996

அன்பு மகன் மரியோவுக்கு,

மாதாவின் காவலில் அப்பாவும் நானும் இங்கே சுகம். வன்கூவர் மழையில் நனையாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு நீயும் சுகமாய் இருக்கிறாய் என்றே நினைத்து எழுதுகிறேன். முதலில் தலையான விசயத்தைச் சொல்லிவிடுகிறேன், நீ விட்டுவிட்டுப் போன மோட்டார் சைக்கிளை நாங்கள் விற்கவில்லை, இனி விற்கவும் மாட்டோம். வயது போனவர்களுக்கு உது ஆபத்து, மாமாவிடம் சொல்லி விற்றுப்போடுங்கோ என்று நீ எழுதினாய். என் தம்பி, உன் பேனாட் மாமாவும் பிறம்ரனில் வாங்க ஆள் பார்த்துவிட்டான். அவனில் பிழை சொல்ல முடியாது, நான்தான் வாயைக் கொடுத்து மாட்டினேன். ஒவ்வொரு சிக்னல் லைற்றிலும் அப்பா பிறேக் பிடிக்க வண்டியின் முன்பக்கம் குப்பென்று அமுங்கும், பின்னுக்கு இருக்கிற நான் வழுக்கிப்போய் அப்பாவின் ஹெல்மெட்டில் என் ஹெல்மெட்டால் இடிப்பேன். கென்னடி ரோட்டில் எத்தனை லைற் என்று உனக்குத் தெரியும்தானே. இதை நான் சிரிப்புக்குச் சொல்ல, அவன் அதையே பிடித்துக்கொண்டான். மிட்லண்ட் மாதா திருவிழாவுக்கு அக்கா தலை இடிபடாமல் போய் இறங்கட்டும், இல்லாட்டி அடுத்த நாளே வித்துப்போடுவன் என்று அப்பாவுக்கு நேரேயே சொன்னான்.

அப்பா எழும்பி வண்டியடிக்குப் போய்விட்டார். உனக்கு மறைப்பானேன், அவருக்கு இரவு வேலை, எனக்குப் பகல் வேலை, கலியாணம் கட்டிய காலத்திலிருந்து நாங்கள் இரண்டு பேரும் தனியாக எங்காவது போனதென்றால் அது இந்தக் கோடையில், உன் வண்டியில்தான். ஞாயிறு பின்னேரம் ஏரிக்கரைக்குப் போய் ஆளுக்கொரு கோப்பி குடித்துவிட்டு வருவோம். வேறொன்றும் இல்லை. அதுவும் போனால் பிறகு வீட்டில் என்ன கிடக்கிறது சொல்லு.

எங்கள் கட்டடத்துப் பார்க்கிங்கில் வண்டி கழற்ற விடமாட்டார்கள், ஆகவே திருத்த வேலையும் மாமா வீட்டுக் கராஜில்தான் நடந்தது. முன் சில்லைத் தாங்குகிற சொக்குக்குள் ஸ்பிறிங் இளகிப்போச்சு என்று அப்பா சொன்னார். முதலில் தடித்த ஒயில் விட்டார், ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் இடுப்பு நாரி முறிந்தது. அதை ஊற்றிவிட்டு வேறு விட்டார், ஏதோ திருகினார், தனியாக ஏறி ஒழுங்கையைச் சுற்றி வந்து, இப்ப நல்லா நிக்குது என்றார். நான் ஏறினேன். முதல் சந்தியிலேயே டொக். எனக்கு வந்த கோபத்தில் கேட்டேன், என்னை ஏத்தாமல் என்னத்தைச் சரிபார்த்தனீங்கள், நான் என்ன கைப்பையோ என்று. பிறகு சொக் குழாயில் ஒரு பிளாஸ்டிக் பட்டியைக் கட்டினார், எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவுக்கு அது தள்ளுப்படும். என்னையும் ஏற்றிக்கொண்டு பிறேக் பிடித்தால் பட்டி கடைசிவரைக்கும் போய்விட்டது. தண்ணீர்ப் பைப்பில் ஒரு துண்டு வெட்டி ஸ்பிறிங்கின் மேல் வைத்தார், காணாது, இன்னும் கொஞ்சம் நீளத் துண்டாய் வைத்தார். என் நிறையை மட்டும் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நடக்கிறது வேறு.

சனிக்கிழமை விடியப் புறப்பட்டோம், மாமா குடும்பம் தங்கள் வான் வாகனத்தில் பின்னால். பாரி நகரம் தாண்டிச் சின்ன ரோட்டில் போகும்போது, ஒரு தாய் வாத்து குஞ்சுகளோடு நடுரோட்டில் இறங்கிவிட்டது. அப்பா பிறேக்கை மெல்லத் தொடங்கி இறுக்கிப் பிடித்தார். நான் மாதாவே என்று கண்ணை மூடிவிட்டேன். முன்பக்கம் மெதுவாய் அமுங்கி, அப்படியே தாங்கிப் பிடித்து நின்றது, மகன். கண்ணைத் திறந்து பார்க்கிறேன், அவர் ஹெல்மெட்டுக்கும் என் ஹெல்மெட்டுக்கும் நடுவில் கை வைக்க இடம் இருக்கிறது! இடிபட்டது மாமாவின் வானுக்குள்தான், அவன் கிறீச்சென்று பிறேக் அடிக்க மீன்குழம்புச் சட்டி கவிழ்ந்து சீற்றெல்லாம் குழம்பு. அப்பா திரும்பிப் பார்த்து, பேனாட், வானை வித்துப்போடுவமோ என்று கேட்டார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்துவிட்டது. மாமா மிட்லண்டில் இறங்கியதும் ரெலிபோன் பெட்டிக்குப் போய், பிறம்ரன் ஆளுக்கு வண்டி விக்கிறேல்லை எண்டு சொல்லிப்போட்டன் அக்கா என்று வந்து நின்றான். நானும் மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கூடக் கொளுத்தினேன்.

அந்தோனியார் உன்னைக் காப்பாற்றுவார், ஞாயிறு பூசையை விடாதே, இரவில் வெறும் பாணோடு படுக்காதே. அடுத்த கோடைக்கு வந்தால் வண்டியை நீயும் ஓடலாம், கேட்டு எடு. முன்னுக்கு இருக்கிற பைப் துண்டை மட்டும் கழற்றாதே, அது என் நிறைக்கு வெட்டினது.

என்றும் அன்புள்ள அம்மா,
கிளடிஸ் அல்பேட்