அம்மாவுக்கு லைசென்ஸ் வந்தாச்சு

பங்காருபாளையம்
ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை

என் கண்ணு தேன்மொழிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் சௌக்கியம், எருமையும் அதன் கன்றும்கூட சௌக்கியம்தான். அங்கே நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடி மப்ளர் கட்டிக்கொண்டு, குளிர் அண்டாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே பேனாவை எடுத்திருக்கிறேன். தினமும் போனில் பேசுகிறவளுக்கு இதென்ன திடீரென்று லெட்டர் என்று யோசிப்பாய். காரணம் இருக்கிறது, கவருக்குள் இன்னொன்றும் இருக்கிறது, அதை இப்போது எடுக்காதே, நான் சொல்லும்போது எடு. முதலில் சேதி. எனக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. ஸ்கூட்டி லைசென்ஸ் இல்லை, ஹாம் ரேடியோ லைசென்ஸ், போன் இல்லாமல் ரேடியோவிலேயே உலகத்தோடு பேசுவதற்கு. மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் காய் பொறுக்கிப் போடுகிற உன் அம்மாவுக்கு இந்திய அரசாங்கம் கால்சைன் என்று ஒரு தனிப் பெயர் வைத்திருக்கிறது. வண்டி நம்பர் மாதிரி, உலகத்தில் வேறு யாருக்கும் அந்தப் பெயர் கிடையாது. ஏழு மாதமாக உன்னிடம் மறைத்து வைத்திருந்தேன், பாஸ் ஆகாவிட்டால் நீ சிரிப்பாயே என்றுதான். மறைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், நாலு தடவை வாய்வரை வந்து எருமைப் பேச்சைப் பேசிச் சமாளித்தேன்.

பொங்கல் கழிந்த வாரம் உங்கள் ஆர்க்னித் தீவில் புயல் அடித்து மூன்று நாள் கரண்டும் போனும் இல்லாமல் போனதே, அப்போது நாங்கள் இருந்த இருப்பை உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை. நைனா வெறும் வயிற்றோடு போனையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை, பஸ் ஏறி சித்தூரில் உன் சின்னம்மா கன்னிகா வீட்டுக்குப் போய்விட்டேன். அவள் பக்கத்து வீட்டில் நாகபூஷணம் சார் இருக்கிறாரே, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ரிட்டயர் ஆனவர், மொட்டைமாடியில் கம்பி இழுத்துக் கட்டியிருப்பார், துணி காயப் போடவா என்று நீகூட ஒரு தடவை கேட்டாய். அவர்தான் தன் ரேடியோவில் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரைப் பிடித்து, ஆர்க்னி பக்கம் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். மின்கம்பங்கள்தான் சாய்ந்திருக்கின்றன, ஆட்களுக்கு ஒன்றுமில்லை என்று கரகரவென்று பதில் வந்தது. அதைக் கேட்ட பிறகுதான் கன்னிகா கிண்டி வைத்த உப்புமா எனக்குள் இறங்கியது. என் மகள் பேரைச் சொல்லிக் கேளுங்கள் சார் என்று கெஞ்சினேன். அவர் மாட்டேன் என்று தலையாட்டிவிட்டார். பெரிய ஆபத்து அவசரம் தவிர மூன்றாம் ஆளுக்குச் சேதி கொண்டுபோக ரூல் இல்லையம்மா, லைசென்ஸ் உள்ளவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்போ நான் லைசென்ஸ் வாங்கினால் என்று கேட்டேன். பன்னிரண்டு வயது முடிந்த யாரும் வாங்கலாம் என்றார். எனக்கு முடிந்து முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது, அது போதுமா என்றேன்.

அங்கிருந்து ஆரம்பித்தது பைத்தியம். முதல் ஒரு மாதம் வாயைத் திறக்கக்கூடாது, கேட்க மட்டும்தான் என்று சார் சொல்லிவிட்டார். அதற்கு ரேடியோகூட வேண்டாம் தேனு, இன்டர்நெட்டில் யாரோ புண்ணியவான்கள் தங்கள் ரேடியோவைத் திறந்து வைத்திருக்கிறார்கள், செல்போனிலேயே கேட்கலாம். யார் எப்படிக் கூப்பிடுகிறார்கள், எப்படிப் பதில் சொல்கிறார்கள், எப்படி விடைபெறுகிறார்கள் என்று கேட்டுக் கேட்டே பாதி பாடம் வந்துவிடும். பிறகு எழுத்துகள். இரைச்சலில் எழுத்து மாறிப் போகாமல் இருக்க ஏ என்றால் ஆல்ஃபா, பி என்றால் பிராவோ என்று உலகம் முழுக்க ஒரே மாதிரி சொல்கிறார்கள். நான் ஃபேக்டரியில் தோத்தாபுரி மாங்காய் பொறுக்கிக்கொண்டே ஒவ்வொரு காய்க்கும் ஓர் எழுத்தாகச் சொல்லிப் போட்டேன், பத்தே நாளில் அந்த வரிசையில் நிற்கிற எல்லாப் பெண்களுக்கும் மனப்பாடம். நைனாவின் பேரை இங்கிலீஷில் எழுதினால் முதல் ரெண்டு எழுத்து கே, ஆர், அதாவது கிலோ, ரோமியோ. அதைச் சொல்லிக் கூப்பிட்டேன். இன்னா கமலா, ஊரே பாக்குது, தானா பேசிக்கினு போறியே, போதாததுக்கு என்னை ரோமியோன்றியே என்று முகம் சிவந்துபோய் எருமையை அவிழ்த்துக்கொண்டு போனார். ஆனால் அன்றைக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார், நான் கவனித்தேன்.

பரீட்சையில் ரெண்டு பகுதி. ஒன்று கரண்ட், ஆன்டெனா பற்றிய பாடம், இன்னொன்று சட்டதிட்டம். வோல்ட்டும் ஆம்பியரும் ஒரு வாரம் மண்டையில் ஏறவில்லை, நம் சொட்டுநீர்ப் பாசன டேங்க்கின் உயரத்தையும் குழாயையும் நினைத்துப் பார்த்த பிறகு சட்டென்று புரிந்துவிட்டது. கட்டுக்கடகட என்று அடிக்கிற மோர்ஸ் தந்திச் சத்தம் நான் எழுதிய கீழ்க்கிரேடு லைசென்ஸுக்குத் தேவையில்லை, அது பிறகு பார்த்துக்கொள்ளலாம். அரசாங்க வெப்சைட்டில் மனுப் போட்டு, ஏப்ரலில் சென்னைக்குப் போய் எழுதினேன். அங்கே எல்லாம் காலேஜ் பிள்ளைகள். வாசலில் இருந்தவர் பிள்ளையை விட வந்தீங்களா, வெளியே உட்காருங்கம்மா என்றார். ஹால் டிக்கெட்டை நீட்டினேன். அவர் எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார். டென்த் வரைக்கும் தெலுங்கில் படித்தவள் இங்கிலீஷ் கேள்வித்தாளில் ரெண்டு பகுதியும் பாஸ் தேனு.

இனி ஒரு வெட்கக்கேடு. லைசென்ஸ் வந்த முதல் ஞாயிறு சார் வீட்டு மாடியில் மைக்கை என் கையில் கொடுத்தார். நெல்லூரிலிருந்து ரமணா என்று ஒருவர் பதில் சொன்னார். அவர் குரல் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை, பேரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன், உடனே உங்க பக்கம் தோத்தாபுரி என்ன ரேட்டு போகுது என்று கேட்டுவிட்டேன். நீயே சொல், நம் ஊரில் ரெண்டு பேர் எதிரெதிரே பார்த்தால் வேறு என்ன கேட்பார்கள், அது வியாபாரமா, நலம் விசாரிப்புதானே. ஆனால் ரேடியோவில் வியாபாரப் பேச்சு கூடவே கூடாது. பரீட்சையில் இதே கேள்விக்குச் சரியாக டிக் அடித்தவள் நான். சார் ரெண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். ரமணா நல்ல மனுஷன், வத்தம்மா, ரேட்டுப் பேச்சு வேண்டாம், என் குரல் எப்படிக் கேட்குது, அது செப்பண்டி, சொல்லுங்க என்று பேச்சை மாற்றிவிட்டார். குரல் தெளிவு அஞ்சுக்கு எத்தனை, பலம் ஒன்பதுக்கு எத்தனை என்று சொல்ல வேண்டும். ஃபைவ் நைன் என்றால் முழு மார்க்கு. லைசென்ஸைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று நாலு நாள் தபால்காரரைக் கண்டாலே உள்ளே ஓடிக்கொண்டிருந்தேன்.

நேற்று சாயந்தரம்தான் விஷயமே. சார் வீட்டு மாடியில் கட்டிய முப்பத்துமூன்று அடிக் கம்பியிலிருந்து என் குரல் போய், உங்கள் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் ஒரு பெரியவர் காதில் விழுந்தது. என் குரல் தேனு. அவர் மழை பெய்கிறது என்றார். என் மகள் ஆர்க்னியில் நர்ஸ் என்று சொன்னேன். அவளுக்கும் லைசென்ஸ் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அம்மா கூப்பிட்டாள் என்று அவளிடம் சொல்லுங்கள் என்று நாக்கின் நுனிவரை வந்தது, ரூலை நினைத்து விழுங்கிவிட்டேன். மைக்கை வைத்ததும் சிரித்தேன், அழுதேன், சார் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார்.

அந்தப் பெரியவரே சொன்னார், உங்கள் ஊரில் முதல் படிப் பரீட்சை இருபத்தாறே கேள்வி, பத்தொன்பது சரியாக இருந்தால் பாஸ், வீட்டிலிருந்தே இன்டர்நெட்டில் எழுதலாமாம். டூட்டி, டயர்டு என்று ஆரம்பிக்காதே. பஸ்ஸில் போகும்போது கேள், குளிக்கும்போது எழுத்துகளைச் சொல். அடுத்த குளிர்காலப் புயலுக்கு முன்னால் நீ லைசென்ஸ் வாங்க வேண்டும். இன்னொரு தடவை அந்த மூன்று நாளை என்னால் தாங்க முடியாது, அதற்குத்தான் இத்தனையும். ரேடியோ வைத்திருக்கும் கிளப் எங்கே இருக்கிறது என்று விசாரித்து வை.

இப்போது கவருக்குள் இருக்கும் கார்டை எடு. ரேடியோவில் பேசிய இருவரும் பேசியதற்குச் சாட்சியாக இப்படி ஒரு கார்டைத் தபாலில் அனுப்பிக்கொள்வது வழக்கம். பேசுவதற்கு முன்னாலேயே அனுப்புவது தப்பு, சாருக்குத் தெரிந்தால் திட்டுவார். என் கால்சைன் எழுதியிருக்கிறேன். உன் கால்சைனுக்கும் தேதிக்கும் இடம் விட்டிருக்கிறேன், உனக்கு லைசென்ஸ் வந்து நாம் பேசியதும் நீயே நிரப்பு. சிக்னல் என்ற இடத்தில் மட்டும் இப்போதே ஃபைவ் நைன் போட்டுவிட்டேன். உன் குரல் எவ்வளவு கரகரத்து வந்தாலும் எனக்கு அது ஃபைவ் நைன்தான்.

நீண்ட ஆயுசோடு, வயிறு நிறைய, மனசு நிறைய இரு கண்ணு. மப்ளரை மறக்காதே. ரேடியோக்காரர்கள் வணக்கத்துக்கு செவன்டி த்ரீ என்பார்கள், முத்தத்துக்கு எய்ட்டி எய்ட். உனக்கு ரெண்டாவது.

உன் அம்மா,
கமலம்மா
விக்டர் யூனிஃபார்ம் த்ரீ, மீதி மூன்றெழுத்து கார்டில்